தகவைத் திற!

எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் பால் கணக்கு இல்லை. மளிகைக் கணக்கும் இல்லை. முப்பத்து நான்கு வருஷ காலம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகையால், நான் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் கணக்கைத் தவிர வேறு ஏதாவது இருக்கக் கூடும் என்று என் சகதர்மிணிகூட நெடுநாள் வரையில் நம்பவில்லை. ஒரு நாள் அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் பிரித்தாள். முதற் பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான்:

"பெரியவன். வயது மூன்றேகால். அப்பளம் உடைந்துவிட்டது. ஒட்டித் தரச் சொல்கிறான்."

"இதையெல்லாம்கூடவா ஒருவர் மெனக்கெட்டு எழுதி வைப்பார்!" என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதற்கடுத்த பக்கத்தையும் புரட்டினாள். அன்றைய தினம் எங்கள் வீட்டில் ரசம் பொங்கி வழிந்தது என்பதிலிருந்து அந்தப் புத்தகத்தின் பெருமையை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

அப்பள விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தை வளர்த்தவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்த விவகாரந்தான். முழு அப்பளம் கேட்ட குழந்தைக்கு முழு அப்பளந்தான் போட்டோம். அது இலையில் விழுந்தபோது ஓரத்தில் ஒரு துண்டு விண்டு போயிற்று. அவ்வளவுதான்! வீடு இரண்டுபட்டது. வேறு அப்பளம் கொடுத்தோம், அது வேண்டாமாம். விண்டு போன அதே அப்பளத்தை, விண்டு போன அதே இடத்தில் ஒட்டித் தர வேண்டுமாம். அவனுடைய அப்பா சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டிப் பார்த்தான். ஒட்டின அப்பளத்தை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பரீக்ஷை செய்துவிட்டு, "சரி" என்று சொல்லி, அதைத் தானே நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டான் அந்தப் புண்ணியவான்.

நான் கணக்கு வாத்தியார் அல்லவா? லட்டு விஷயத்தில் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை மறக்கவே முடியாது. பெரியவனுக்கு ஒரு லட்டும், பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு லட்டும் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பையனுடைய லட்டு கையிலேயே இரண்டாக உடைந்தது. உடனே எங்கள் பிள்ளை, "அவனுக்கு மட்டும் ரெண்டா?" என்று அழ ஆரம்பித்தான். ஒன்றைப் பாதியாக்கினால் இரண்டு அரைகள் வரும் என்றும், இரண்டு அரைகள் சேர்ந்தால் ஒன்றுதான் என்றும் ஐந்து நிமிஷம் உதாரணங்களுடன் விளக்கினேன். அழுகை அதிகமாயிற்று. என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். அவன் கையிலிருந்த லட்டை வாங்கி இரண்டாக உடைத்து, "இந்தா, உனக்கும் ரெண்டு" என்று கொடுத்தாள். அழுகை நின்றது. முப்பத்து நான்கு வருஷம் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் திண்ணைக்குப் போய்ப் பத்திரிகை படிக்கலானேன்.

பிற்பாடு ஒரு புத்தகத்தில் படித்தபோதுதான் எனக்குச் சிறிது ஆறுதல் ஏற்பட்டது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் ழான் பியாஜே என்று ஒருவர் இருந்தார். 1896-ல் பிறந்து 1980-ல் காலமானவர். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை ஆராய்வதற்கே வாழ்நாளைச் செலவிட்டவர். தம்முடைய மூன்று குழந்தைகளையே கவனித்துப் பக்கம் பக்கமாக எழுதியவர். ஒரே அளவான இரண்டு தம்ளர்களில் சம அளவு தண்ணீரை ஊற்றிக் குழந்தையிடம் காட்டுவார்கள். இரண்டும் சமம் என்று குழந்தை ஒப்புக்கொள்ளும். பிறகு குழந்தையின் கண் முன்னாலேயே ஒரு தம்ளர்த் தண்ணீரை ஒல்லியான, உயரமான வேறு தம்ளரில் ஊற்றுவார்கள். "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்டால், ஆறு, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் உயரமான தம்ளரையே காட்டுவார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது பெரிதுதான். எண்ணிக்கையில் அதிகமாக இருப்பது அதிகந்தான். அளவு மாறவில்லை என்ற ஞானம் பின்னால்தான் வரும். அது வருவதற்கு முன் எத்தனை கெட்டிக்கார வாத்தியார் விளக்கினாலும் பிரயோஜனம் இல்லை. பியாஜே பல வருஷம் ஆராய்ந்து கண்டதை என் மனைவி ஒரு லட்டை உடைத்துக் கண்டுவிட்டாள். ஆனால் அவள் புத்தகம் எழுதவில்லை.

குழந்தையின் பேச்சையும் செய்கையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது வேலையில்லாத தாத்தாக்களின் காரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மகா மேதையான சார்லஸ் டார்வினே இதைச் செய்திருக்கிறார். 1839-ஆம் வருஷக் கடைசியில் அவருக்கு முதற் பிள்ளை பிறந்தது. அது எப்போது சிரித்தது, எப்போது கோபித்துக் கொண்டது, எதற்குப் பயந்தது என்றெல்லாம் குறித்து வைத்தார். முப்பத்தேழு வருஷம் கழித்து, அந்தக் குறிப்புகளை எடுத்து, 1877-ல் 'மைண்ட்' என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

அந்தக் கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் வயது. சாப்பாட்டு அறையிலிருந்து வெளியே வருகிறான். மேலே கட்டியிருந்த துணியை வெகு ஜாக்கிரதையாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அதற்குள் என்ன என்று தகப்பனார் கேட்கிறார். "ஒன்றுமில்லை" என்கிறான் பிள்ளை; அத்துடன், "போ, போ" என்று திரும்பத் திரும்பத் தகப்பனாருக்கு உத்தரவு போடுகிறான். பிரித்துப் பார்த்தால் துணி முழுவதும் ஊறுகாய்ச் சாறு! ஜீவராசிகளின் உற்பத்தி ரகசியத்தைக் கண்டுபிடித்தவரிடமிருந்தே ஊறுகாய் ரகசியத்தை மறைக்கப் பார்த்த அந்தப் பிள்ளையின் தைரியத்தை என்னவென்பது! எங்கள் வீட்டிலும் மாவடு ஜாடியண்டை இதே நாடகம் நடந்திருக்கிறது. வசனங்கூட ஏறக்குறைய அதேதான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. டார்வினுடைய பிள்ளை சரியாக ஒரு வயதில் தானாகவே ஒரு வார்த்தையை உண்டாக்கிக் கொண்டதாம். ஆகாரத்துக்கு அது வைத்த பெயர் 'மம்'. நம் வீடுகளில் குழந்தைக்குச் சோறூட்டும்போது நாம் என்ன சொல்கிறோம்? 'மம்மு' என்றுதானே? லண்டனில் இருந்த டார்வின் குழந்தைக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. உதடுகளை மூடித் திறந்தாலே வரக்கூடிய ஒலி அது. பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும்போது மூக்கு வழியாக வரும் முனகலே நாளடைவில் ஆகாரத்தையும் அம்மாவையும் குறிக்கும் சொல்லாக மாறுகிறது என்று ரோமன் யாகப்ஸன் என்ற மொழியியல் அறிஞர் விளக்கம் கூறியிருக்கிறார். உலகத்தில் பற்பல பாஷைகளில் அம்மாவின் பெயரில் 'ம' இருப்பதன் காரணம் இதுதானாம். பசி வந்தால் எல்லாத் தேசத்துக் குழந்தைகளும் ஒரே பாஷைதான் பேசுகின்றன.

*

நம் தமிழ்ப் புலவர்களும் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தவர்களே. புறநானூற்றில் 188-ஆவது பாட்டைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. அரசன்; செல்வத்துக்குக் குறைவில்லாதவன். அவன் எதைப் பாடினான் தெரியுமா? குழந்தை தட்டுத் தடுமாறி நடந்து வந்து, கலத்தில் கையை விட்டு, நெய்ச் சோற்றை உடம்பெல்லாம் அப்பிக் கொள்வதைத்தான். பாண்டியன் அரண்மனையிலும் துடைக்கிற வேலை இருந்திருக்கிறது என்பதை அறியும்போது நம் வீட்டுத் தாய்மார்களுக்குத் திருப்தி உண்டாகலாம்.

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்த வகையே ஏற்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மீது ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மீது பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பருவங்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. கடைசி மூன்று பருவங்களில் ஆண் குழந்தை சிற்றிலைச் சிதைத்து, பறை கொட்டி, தேர் உருட்டும். பெண் குழந்தை கழங்கும் அம்மானையும் ஆடி ஊசலில் அமரும். குழந்தையின் மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தோராம் மாதம் வரையில் பாட வேண்டும் என்பது சம்பிரதாயம்.

ஏன் இருபத்தோராம் மாதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்? இதைப் பற்றி நான் ஆழ்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு குழந்தை கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும்! சந்திரனை விளையாடக் கூப்பிடும் அம்புலிப் பருவமே புலவர்களுக்கு மிகவும் கடினமானது. 'பிள்ளைக்கவிக்கு அம்புலி புலி' என்று ஒரு பழமொழியே உண்டு. சாம, தான, பேத, தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் சந்திரனை அழைத்துப் பாட வேண்டும். குழந்தை பேசாமல் இருக்கும்போதே இவ்வளவு சிரமம் என்றால், "நிலா ஏன் நம்ம பின்னாலேயே வருது? அதுக்கு வீடு இல்லையா?" என்று அது கேட்க ஆரம்பித்த பிறகு எந்தக் கவிராயரால் தாக்குப் பிடிக்க முடியும்?

இந்தக் கேள்வியைப் பெரியவன் என்னிடம் கேட்டது, நாங்கள் பஸ்ஸில் திருச்சிக்குத் திரும்பிக் கொண்டிருந்த ஓர் இரவில். தாங்கள் நடந்தால் சூரியனும் சந்திரனும் கூடவே வருவதாகத்தான் குழந்தைகள் நம்புகிறார்கள் என்று பியாஜேயும் எழுதியிருக்கிறார். நிலா வெகு தூரத்தில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று சொன்னேன். அவன் சற்று நேரம் யோசித்தான். "எதிர்ப் பக்கம் போற பஸ்ஸிலே இருக்கிறவங்க பின்னாலே எந்த நிலா போகும்?" என்றான். இது நல்ல கேள்வி என்பதை நேயர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். என்னுடைய வகுப்பில் படித்த மாணவர்களில் மிகச் சிலரே இப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். உச்சிப் பிள்ளையாரின் கதையை அவனுக்குச் சொன்னேன். விபீஷணன் கொண்டு வந்த அரங்கநாதர் விக்கிரகத்தைச் சிறுவன் வேஷத்தில் வந்த பிள்ளையார் காவிரிக் கரையில் வைத்துவிட்டதையும், விபீஷணன் துரத்தியதையும், பிள்ளையார் மலைமேல் ஏறிக்கொண்டதையும், அங்கே அவர் தலையில் விபீஷணன் குட்டியதையும் அபிநயத்துடன் விவரித்தேன். கதை முடிந்தது. குழந்தை கேட்டான்: "குட்டினதுக்கு விபீஷணன் ஸாரி சொன்னானா, தாத்தா?"

இத்தனை வருஷமாக இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். அந்தச் சந்தேகம் எனக்குத் தோன்றியதே இல்லை.

கல்யாணப் போட்டோ விவகாரம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். "உங்க கல்யாணத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டீங்க, என்னை மட்டும் ஏன் கூப்பிடலே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் திணறாத தகப்பனார் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் அது சின்னவள் காலத்தில் இன்னும் ஒரு படி முன்னேறியது. சென்னையிலிருந்து அவளுடைய அத்தை கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம், சின்னவள் தன் கையிலுள்ள முறுக்கை அந்தக் கண்ணாடியில் அத்தையின் வாய் இருக்கும் இடத்தில் வைத்து அழுத்துவாள். அத்தையும் அங்கே "ஆம்" என்று கடிப்பதுபோல் பாவனை செய்வாள். ஆனால் முறுக்கு குறையாது. இதைச் சில நாள் கவனித்த குழந்தை, "அத்தைக்குப் பல் இல்லே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

என் மீதும் அவளுக்குக் கருணை உண்டு. "நீ பெரியவளானால் தாத்தாவுக்கு என்ன தருவாய்?" என்று ஒரு நாள் கேட்டேன். "நான் பெரிசானா நீ சின்னவனாயிடுவே. அப்போ என் சட்டை எல்லாம் உனக்குத்தான்" என்றாள். வயதானவர்கள் மெல்ல மெல்லச் சின்னவர்களாகிறார்கள் என்பது அவளுடைய சித்தாந்தம். அது முழுக்கத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

குழந்தைகள் செய்யும் இலக்கணப் பிழைகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பெரியவன் மூன்று வயதில் வாசலிலிருந்து ஓடி வந்து, "தாத்தா, நான் வானேன்!" என்பான். எல்லாரும் சிரிப்போம். பக்கத்துத் தெருவில் என்னோடு உத்தியோகம் பார்த்த தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "போ என்றால் போனேன். அப்படியானால் வா என்றால் வானேன்தானே? குழந்தை கேட்டதைச் சொல்லவில்லை ஐயா; விதியைக் கண்டுபிடித்துச் சொல்கிறான். விதிவிலக்கு நம்முடைய குற்றம்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை! 1958-ல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்கப் பெண்மணி இதைச் சோதித்துக் காட்டினார். உலகத்தில் இல்லாத ஒரு பக்ஷியின் படத்தைப் போட்டு, அதற்கு 'வக்' என்று ஒரு பெயரும் வைத்துக் குழந்தைகளிடம் காட்டினார். பிறகு அதே மாதிரி இரண்டு பக்ஷிகளைக் காட்டி, "இப்போது இரண்டு இருக்கின்றன. இவை என்ன?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டே இராத சிறு குழந்தைகள் ஆங்கிலப் பன்மை விதிப்படி 'வக்ஸ்' என்று பதில் சொன்னார்கள். ஆகவே, குழந்தைகள் கிளிப்பிள்ளைகள் அல்ல. காதில் விழும் பேச்சிலிருந்து இலக்கணத்தைத் தாமாகவே வடித்தெடுக்கும் நன்னூலார்கள்!

ருஷ்ய தேசத்தில் கர்னேய் சுகோவ்ஸ்கி என்ற எழுத்தாளர், குழந்தைகளின் இம்மாதிரிச் சொற்களைச் சேகரித்து 1928-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1933 முதல் அதற்கு 'இரண்டு முதல் ஐந்து வரை' என்ற பெயர் நிலைத்தது. அதைப் படித்த தாய் தந்தையர் தங்கள் குழந்தைகளின் பேச்சை அவருக்குக் கடிதம் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். புத்தகம் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்துகொண்டே போயிற்று. அந்த வயதுக் குழந்தை ஒவ்வொன்றும் சிறிது காலத்துக்கு மொழி மேதையாக விளங்குகிறது என்பது அவருடைய துணிபு.

இவ்வளவும் படித்தவன் நான். படித்திருந்தும் ஒரு பிசகு செய்தேன். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

*

சின்னவளுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. அவளுக்குக் கதவு என்று சொல்ல வராது. 'தகவு' என்றுதான் வரும். காலையில் எழுந்ததும், "தகவைத் திற!" என்பாள். காற்றில் அடித்துக்கொண்டால், "தகவு கத்துது" என்பாள். அந்தச் சொல் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வெல்லமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். காப்பி ஆயிற்று. சம்பாஷணையில் சற்றுத் தொய்வு ஏற்பட்டது. நான் குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, கதவைக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"தகவு."

கூடம் முழுவதும் சிரித்தது. குழந்தையும் சிரித்தாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றேன். சொன்னாள். முன்னைவிடப் பெரிய சிரிப்பு. யாரோ கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்தார்கள். "எங்கே, எனக்குச் சொல்லு!" என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அவள் வாயைத் திறந்தவள் நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கி, பாட்டியின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தமிழாசிரியரும் அன்று வந்திருந்தார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தகவு என்றால் தகுதி, நடுவுநிலைமை, பெருமை. நல்ல பழந்தமிழ்ச் சொல் ஐயா. குழந்தை ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை" என்றார். அவர் யாருக்காக அதைச் சொன்னார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறு நாள் காலையில் குழந்தை கதவண்டை போய் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. விரலால் காட்டினாள். "என்ன வேணும்?" என்று கேட்டால், கையால் தட்டினாள். அந்த வார்த்தை போயிற்று. அது மட்டுமா? நாலைந்து நாளில் வேறு வார்த்தைகளும் குறைய ஆரம்பித்தன. வெளி மனிதர் யாராவது வந்தால் உதட்டை இறுக மூடிக்கொள்வாள். நாள் முழுவதும் லொடலொடவென்று பேசிய குழந்தை விரலாலும் தலையாலும் காரியத்தை நடத்திக்கொண்டாள். "வயதுக் கோளாறு, சரியாகிவிடும்" என்றேன். என் மனைவி, "வயதுக் கோளாறுதான், ஆனால் யாருடைய வயது என்று யோசித்துப் பாருங்கள்" என்றாள்.

ஒன்பதாம் நாள் பகல் பத்து மணி. பிள்ளையும் மருமகளும் ஆபீஸுக்குப் போயிருந்தார்கள், பெரியவன் பள்ளிக்கூடம். என் மனைவி, "அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தெருக்கோடியில் கீரை வாங்கப் போனாள். நான் உக்கிராண அறைக்குள் காப்பிப் பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. 'டக்' என்று ஒரு சப்தம்.

அந்தக் கதவுக்கு வெளிப்புறத்தில், கீழே, ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. அதைப் போடுவதற்கு முதல் நாள்தான் குழந்தை கற்றுக்கொண்டிருந்தாள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த விநாடியே பால் ஞாபகம் வந்தது. கைப்பேசி ஊஞ்சற் பலகையின் மேல் இருந்தது. கீரைக்காகத் திறந்த வாசற்கதவைச் சாத்தினோமா இல்லையா என்று நினைவில்லை. தெருவில் ஆட்டோ ஒன்று கடகடத்துக்கொண்டு போகும் சப்தம் கேட்டது. எனக்கு உடம்பு வியர்த்துவிட்டது.

"கண்ணு, கதவைத் திறம்மா!" என்றேன்.

பதில் இல்லை.

"கதவும்மா, கதவு! தாழ்ப்பாளை இழு!"

சின்னஞ்சிறு காலடிச் சப்தம் அப்பால் நகர்ந்து போவது கேட்டது. அந்த வார்த்தையைக் கேட்டதும் குழந்தை போய்விட்டாள். மறுபடியும் தன்னைச் சொல்லச் சொல்லிச் சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ! பால் காய்கிற வாசனை லேசாக வந்தது. நான் உரக்கக் கூப்பிட்டேன், கதவைக் குலுக்கினேன். உரக்கக் கத்தினால் குழந்தை இன்னும் மிரண்டுவிடும் என்ற புத்தி சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

தரையில் உட்கார்ந்தேன். கதவின் கீழ் இடுக்கண்டை வாயை வைத்து, மெதுவாக, கேலி கிஞ்சித்தும் இல்லாமல், "அம்மா, தகவைத் திற" என்றேன்.

சிறிது நேரம் நிசப்தம். பிறகு காலடிச் சப்தம் திரும்பி வந்தது. இடுக்கில் இரண்டு குட்டி விரல்கள் தெரிந்தன. ஒன்பது நாளாக வாயைத் திறக்காத குழந்தை, மிகவும் பொறுமையாக, ஒன்றும் தெரியாத மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொன்னாள்:

"தாத்தா! தகவு இல்லே. தகவு!"

"ஆமாம் அம்மா, நீ சொல்வதுதான் சரி. அதைத் திற."

தாழ்ப்பாள் நகர்ந்தது. நான் ஓடிப் போய் அடுப்பை அணைத்தேன். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. வாசற்கதவு சாத்தித்தான் இருந்தது. கீரைக் கட்டுடன் வந்த என் மனைவி மேடையையும் என்னையும் பார்த்துவிட்டு, "பால் பொங்கினால் நல்லதுதான்" என்று சொல்லித் துணியை எடுத்தாள். நான் அவள் கையிலிருந்து துணியை வாங்கி நானே துடைத்தேன்.

*

குழந்தை சொன்ன அந்த வாக்கியத்தின் பொருள் சில நாள் கழித்துத்தான் எனக்கு முழுவதும் விளங்கியது. முன்னே சொன்ன ஜீன் பெர்க்கோவும் ரோஜர் பிரௌன் என்பவரும் 1960-ல் ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழந்தையிடம் ஒரு பொம்மை மீன் இருந்தது. மீனுக்கு ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'. குழந்தைக்கு அது வராது. 'ஃபிஸ்' என்றுதான் சொல்லும். பெரியவர் ஒருவர், "இது உன்னுடைய ஃபிஸ்ஸா?" என்று கேட்டார். குழந்தை, "இல்லை, என்னுடைய ஃபிஸ்" என்று மறுத்தது. அவர் எத்தனை தடவை அப்படிக் கேட்டாலும் ஒப்புக்கொள்ளவில்லை. "இது உன்னுடைய ஃபிஷ்ஷா?" என்று சரியாகக் கேட்டதும், "ஆமாம், என்னுடைய ஃபிஸ்" என்றது.

இதன் தாத்பரியம் என்ன? குழந்தையின் காதும் மனமும் சரியான சொல்லை அறிந்திருக்கின்றன. நாக்குத்தான் இன்னும் பழகவில்லை. தான் சரியாகச் சொல்வதாகவே அது எண்ணுகிறது. பிறர் தப்பாகச் சொன்னால் உடனே கண்டுகொள்கிறது. அப்படியானால், சரியாகத்தானே சொன்னோம் என்று நினைத்திருக்கும் ஒருத்தியைப் பன்னிரண்டு பேர் சூழ்ந்துகொண்டு, மறுபடியும் மறுபடியும் சொல்லச் சொல்லிச் சிரித்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? நமக்கு மேடையில் அப்படி நேர்ந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போவோமா?

குழந்தையின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு சட்டம் போட்டால் வீடுகளில் மனிதர் வாழ முடியாது. மழலையைக் கேட்டு மகிழ்வதற்குத் திருவள்ளுவரே 'மக்கட்பேறு' அதிகாரத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார். ஆனால், கேட்டு மகிழ்வது வேறு. கூட்டம் கூட்டிக் காட்டி மகிழ்வது வேறு. முதலாவதில் குழந்தையும் நம்முடன் சேர்ந்து சிரிக்கிறது. இரண்டாவதில் குழந்தை தனியாக நிற்கிறது.

அதன்பின் நாங்கள் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. படம் பிடித்தவர்களிடம் சொல்லி அந்தப் படத்தை அழித்துவிடச் செய்தேன். குழந்தையைத் திருத்துவதையும் நிறுத்தினோம், சொல்லிக் காட்டச் சொல்வதையும் நிறுத்தினோம். அவள் "தகவைத் திற" என்றால், "கதவைத் திறக்கவா? இதோ திறக்கிறேன்" என்று சொல்லித் திறந்துவிடுவோம். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஒரு மாதத்துக்குள் பழைய லொடலொடப்பு வந்து, பகலில் நான் கண்ணயர்வது அசாத்தியமாயிற்று.

நோட்டுப் புத்தகத்தில் கடைசியாக நான் எழுதியிருக்கும் வரி இது: "சின்னவள். வயது மூன்றும் ஒரு மாதமும். இன்று காலை 'கதவு' என்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை."

உண்மையில் அன்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எதையோ தொலைத்துவிட்டாற்போல் இருந்தது. இப்பொழுது அந்தப் பழைய சொல்லை உபயோகிக்கிறவன் நான் ஒருவன்தான். பழக்க தோஷத்தினால் சில சமயம், "தகவைச் சாத்து" என்று வாயில் வந்துவிடுகிறது. சின்னவள் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"தகவு இல்லே, தாத்தா. கதவு" என்று சொல்லிக் கொடுக்கிறாள்.

சொல்லிவிட்டுச் சிரிப்பதில்லை.